10 கிலோ அரகோனைட் மணல்: ஒரு மூட்டை போதாது, அரை மூட்டை போதும்

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்கிற துணைத்தொட்டி. சம்புக்குள் ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் ரெஃப்யூஜியம், அதாவது பாசியும் சின்ன உயிர்களும் வளர்க்கிற தனி அறை. அதற்குப் போட ஆன்லைனில் வாங்கிய உலர் அரகோனைட் மணலைப் பற்றித்தான் எழுதுகிறேன். 10 கிலோ மூட்டை. மணியளவு அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை என்று பையில் போட்டிருக்கிறது.

மூட்டை வந்து இறங்கியதும் தெருவில் ஒரே சிரிப்பு. எங்கள் ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். இங்கே வடக்கே நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் இன்னொரு கடல். "ஏம் மாப்ள, ரெண்டு கடலுக்கு நடுவுல இருந்துக்கிட்டு மண்ணைக் காசு குடுத்தா வாங்குற?" என்றார் எதிர்வீட்டு மாமா. நியாயமான கேள்விதான். இரண்டு டம்ளரில் இரண்டு மணலையும் ஒவ்வொரு கரண்டி போட்டு, மேலே வினிகர் ஊற்றிக் காட்டினேன். வாங்கிய மணல் சோடா மாதிரி பொங்கியது. கரை மணலில் கிளிஞ்சல் துணுக்கு கிடந்த இடத்தில் மட்டும் நாலைந்து குமிழி, மற்றதெல்லாம் சும்மா கிடந்தது. அது குவார்ட்ஸ், கரையாது. அரகோனைட் கால்சியம் கார்பனேட். தொட்டியில் பரப்பிய மணல் படுகையின் அடியில் அமிலத்தன்மை கொஞ்சம் ஏறினால் கரைந்து, கால்சியத்தையும் காரத்தன்மையையும் நீருக்குக் கொடுக்கும். அதற்காக டோசிங்கை (கால்சியக் கரைசல் ஊற்றுவதை) நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த அளவுக்கெல்லாம் வராது.

தீவுகளில் பவளத்தூள் மணல் இருக்கிறதே என்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு பிடி மணல்கூட எடுக்கக் கூடாது. உயிருள்ளதோ செத்ததோ, பவளப்பாறையைத் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் அது புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது.

சரி, ஆழத்துக்கு வருவோம். என் ரெஃப்யூஜியத்தின் அளவுக்கு ஒரு இஞ்சு உயரம் நிரப்ப சுமார் மூன்றரை லிட்டர் மணல் வேண்டும். லிட்டருக்கு ஒன்றரை கிலோ வைத்தால் இஞ்சுக்கு 5 கிலோ சொச்சம். ஆக, ஒரு மூட்டையைக் கொட்டினால் இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். இந்த மூட்டையில் எனக்குப் பெரிய குறையே இந்த 10 கிலோ கணக்குதான். இரண்டு இஞ்சு என்பது ரெஃப்யூஜியத்துக்கு ரெண்டுங்கெட்டான் ஆழம்.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, மேல்மணலில் உள்ள பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி, அங்கேயே நின்றுவிடும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத இடம் வேண்டும். அந்த இடம் மணலுக்கு அடியில்தான் உருவாகும். மணல் நைசாக இருந்தால் சீக்கிரம் உருவாகும். பரலாக இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும், கூடவே அழுக்கும் இறங்கும். பொதுவாக நாலிலிருந்து ஆறு இஞ்சு வரை சொல்கிறார்கள். இந்த மணல் ரொம்ப நைஸ் இல்லை, அதனால் நாலுக்கு ரொம்பக் குறைத்தால் பிரயோஜனம் இருக்காது என்பது என் கருத்து. இரண்டு இஞ்சில் அந்த வேலை உருப்படியாக நடக்காது, சைஃபன் குழாய் போட்டு அழுக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்யவும் அது தோதான உயரம் இல்லை.

இன்னொரு வழி, ஒரு இஞ்சு அல்லது அதற்கும் குறைவு. கோப்பிபாட் மாதிரிச் சின்னப் பூச்சிகள் ஒளிந்து பெருக அது போதும், அழுக்கு சேர்ந்தால் உறிஞ்சி எடுத்துவிடலாம். நைட்ரேட்டைப் பாசி பார்த்துக்கொள்ளும். நீங்கள் வளர்ப்பது கீட்டோமார்ஃபா என்ற பாசி மட்டும் என்றால் மணலே வேண்டாம், அதற்கு வேர் கிடையாது, தண்ணீரில் உருண்டுகொண்டே வளரும். காலர்பா பாசி ஊன்றிப் பிடிக்க மணல் கேட்கும். கடல்தாழை (கடற்புல்) வகைக்கு உண்மையிலேயே ஆழம் தேவை.

வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டதால் இரண்டு மூட்டை எடுத்தேன், நாலு இஞ்சுக்குச் சற்றுக் குறைய நிற்கிறது. ஆழப் படுகையை மெயின் தொட்டியில் போடாமல் ரெஃப்யூஜியத்தில் போட்டதற்குக் காரணம், ஏதாவது கெட்டுப்போனால் குழாயை அடைத்து அதை மட்டும் பிரித்துவிடலாம். கிளறிவிட்டால் அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றத்தோடு கிளம்பும், மீனுக்கு அது விஷம். ஒரு எச்சரிக்கை: மணல் நிறைய என்றால் அதில் வாழும் உயிர்களும் நிறைய, எல்லாம் ஆக்சிஜன் குடிக்கும். மே மாதச் சூட்டில் கரண்ட் போனால் பேட்டரி ஏர்பம்ப் கைவசம் இருக்க வேண்டும்.

கழுவும்போது பால் மாதிரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கேன் தண்ணீரில் கழுவினால் கட்டுப்படியாகாது. தென்கடலில் எடுத்து வந்த நீரிலேயே அலசினேன். முழுசாகத் தெளியும்வரை அலச வேண்டாம், கூடவே போகிற நைஸ் மணல்தான் ஆழப் படுகைக்கு வேண்டியது. மணல்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மெதுவாக நீரை ஊற்றினால் கலங்கல் குறையும்.

இப்போது கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் மேலே வெளிர் பழுப்பு, கீழே போகப் போகச் சாம்பல், நடுவில் ஊசிமுனைக் குமிழிகள். நைட்ரேட் சோதனை கிட்டில் நிறம் முன்பைவிட வெளிறித்தான் காட்டுகிறது. ஆனால் இதில் மணலுக்கு எவ்வளவு பங்கு, பாசிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. படுகை வேலை செய்யத் தொடங்கவே மாதக்கணக்கில் ஆகும். பாஸ்பேட் விஷயத்தில் மணலை நம்ப வேண்டாம்.

மணலின் தரத்துக்கு 5க்கு 4 கொடுக்கலாம், மூட்டை அளவுக்கு 2. ஐந்து கிலோவில் ஒரு பையும் இருபதில் ஒரு பையும் விட்டால் பாதிப் பேர் பிரச்சினை தீரும். விற்றவர்களுக்கு இதை எழுதிக் கேட்டேன், "எந்தத் தொட்டிக்கும் ஏற்றது" என்று விளம்பர வரியே பதிலாக வந்தது. அப்புறம், இரண்டு மூட்டையும் ஒரே நிறம் இல்லை, ஒன்று கொஞ்சம் மஞ்சள் பாய்ந்திருந்தது. மெயின் தொட்டிக்கு வாங்குகிறவர்கள் இரண்டையும் கலந்து போடுங்கள், ரெஃப்யூஜியத்துக்கு அந்தக் கவலை இல்லை.