களி இறங்க எது வழி: பலூனா, ஹெல்லர் அறுவையா, போயமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அக்கலேசியா என்ற விழுங்கல் நோய் முதலில் தெரிவது களித் தட்டில்தான். களியை யாரும் மெல்வதில்லை; குழம்பில் புரட்டி உருண்டையாக விழுங்குவதுதான் வழக்கம். இந்த நோய் வந்தால் அந்த உருண்டை நெஞ்சுக்குழியில் நின்றுகொள்ளும். வாய்க்கு வாய் தண்ணீர் வேண்டும். இரவில் படுத்தால் செரிக்காத சோறு தலையணையில் கிடக்கும். ‘கேஸ்’ என்று சொல்லி அல்சர் மாத்திரை மாதக்கணக்கில் ஓடும்.

உணவுக்குழாயின் அடிவால்வைத் தளர்த்தும் நரம்புச் செல்கள் அழிந்துவிட்டன, அதுதான் கோளாறு. செல்களை மீட்க மருந்து கிடையாது. வால்வைத் திறந்துவிட மட்டுமே முடியும். புற்றுநோயும் இதே வேடம் போடும் என்பதால் எண்டோஸ்கோபியும், குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரியும் பார்க்காமல் எந்த வழியிலும் இறங்கக் கூடாது. வால்வுத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியின் பலன் ஓராண்டு நிலைத்தாலே பெரிது; மயக்கம் தாங்காத முதியவர்களுக்கு அது போதும்.

பலூன் பழைய யோசனை. 1674-இல் தாமஸ் வில்லிஸ் திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி வால்வை அகட்டினார். இன்று வால்வுக்குள் வைத்து ஊதுவது 30 மி.மீ. பலூன், போதாவிட்டால் 35, அதற்கும் மேல் 40. கத்தி இல்லை, செலவும் குறைவு. ஆனால் தசையை அது வெட்டுவதில்லை, கிழிக்கிறது. எவ்வளவு கிழியும் என்பது நம் கையில் இல்லை.

எங்கள் சாய்வு ஹெல்லர் பக்கம். 1913-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் வால்வுத் தசையை முன்னும் பின்னும் வெட்டினார். 1923-இல் ஸாய்யர் முன்பக்க வெட்டு ஒன்றே போதும் என்று காட்டினார். 1991-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் குஷியேரி குழுவினர் இதையே லேப்ராஸ்கோபியில், சிறு துளைகள் வழியாகச் செய்தார்கள். வெட்டு உணவுக்குழாயில் 6 செ.மீ., இரைப்பையில் 2 முதல் 3 செ.மீ. அந்தக் கடைசி 2 செ.மீ.-யில் கஞ்சத்தனம் காட்டினால்தான் பெரும்பாலும் அறுவை தோற்கிறது. தசை விலகியதும் உள்சவ்வு வெள்ளையாகப் பிதுங்கும். அதன் பக்கத்தில் கரண்ட் கத்தியைக் கொண்டுபோனால் சூடுபட்ட இடம் சில நாள் கழித்து ஓட்டையாகும். மெத்திலீன் நீலச் சாயம் ஊற்றிக் கசிவு பார்த்து, அமிலம் மேலேறாமல் இருக்க இரைப்பையின் மேல்மடிப்பை முன்பக்கமாகப் போர்த்தித் தைக்க வேண்டும். இது 1962-இல் டோர் சொன்ன போர்வை. 2004-இல் வந்த ஆய்வில் போர்வை இல்லாதவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு அமிலம் மேலேறியது, போர்த்தியவர்களில் 9.1 சதவீதம்தான்.

2011-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இரண்டாண்டு வெற்றி பலூனுக்கு 86 சதவீதம், ஹெல்லருக்கு 90. இதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. முடிவு செய்வது பிற்பாடு வரும் அலைச்சல். அதே ஆய்வின் ஐந்தாண்டுக் கணக்கில், பலூன் போட்டவர்களில் நாலில் ஒருவருக்குத் திரும்பவும் பலூன் தேவைப்பட்டது. பென்னாகரத்திலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். நாற்பது வயதுக்குள் உள்ள ஆண்களுக்குப் பலூன் அவ்வளவாக நிற்பதில்லை. உழைக்கும் வயது அதுதான்.

ஓட்டைக் கணக்கு ஹெல்லருக்கு எதிராகத்தான் தெரியும்: உள்சவ்வுக் கிழிசல் 12 சதவீதம், பலூனில் 4. ஆனால் ஹெல்லரில் கிழிந்தது கண்ணெதிரே தெரியும், மேஜையிலேயே தைத்துவிடலாம். பலூன் கிழிசல் சில மணி நேரம் கழித்து நெஞ்சுவலியாக வரலாம். அதற்குள் நோயாளி பஸ்ஸில் ஓசூரைத் தாண்டியிருப்பார். அன்றே ஊருக்கு அனுப்பக் கூடாது. சாயம் குடிக்கவைத்துப் படம் பார்க்காமல் சோறும் கொடுக்கக் கூடாது.

போயம் என்பது வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு உள்ளிருந்தே வால்வுத் தசையை வெட்டுவது; 2008-இல் ஜப்பானிய மருத்துவர் இனூவே தொடங்கியது. வயிற்றில் தழும்பு இல்லை, வால்வும் நன்றாகத் திறக்கிறது. குழாய்த் தசை இறுகி இழுக்கும் மூன்றாம் வகை அக்கலேசியாவுக்கு வெட்டை மேலே நீட்ட முடிவதால் அதுவே மேல். அங்கே ஹெல்லருக்காக வாதாட மாட்டோம். மற்ற வகைகளில் இடிப்பது அமிலம். 2019 ஆய்வில் இரண்டாண்டு முடிவில் போயம் செய்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய்ப் புண், ஹெல்லரில் 29. பலருக்கு எரிச்சலே தெரியாது என்பதால் அமில மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவார்கள்.

மூன்றில் எதைச் செய்தாலும் குழாயின் தள்ளும் சக்தி பெரும்பாலும் திரும்பாது. உணவு தன் எடையில்தான் இறங்கும். அறுவைக்குப் பின் தண்ணீர், கஞ்சி, கேழ்வரகுக் கூழ் என்று போய், களியைக் கடைசியில் சின்ன உருண்டையாகத் தொடங்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், படுக்க மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.