வெப்லி மார்க் 4, போர்க்கால ஃபினிஷ்: வாங்கலாமா?

இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் கைத்துப்பாக்கியான வெப்லி மார்க் 4 ரிவால்வரைக் காட்டினால், "என்ன இவ்வளவு கரடுமுரடா இருக்கு?" என்பார்கள். நான் வாங்கியதே அதற்காகத்தான். உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினில் பழகிய ஆள் நான். கட்டர் எந்தப் பக்கம் ஓடியது என்று ஃபிரேமில் அப்படியே தெரிகிறது. அந்தக் கோடுகளின் மேலேயே ப்ளூயிங் (துரு பிடிக்காமலிருக்க எஃகைக் கருநீலமாக்கும் பூச்சு) செய்து பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பர்மிங்ஹாம் வெப்லி அண்ட் ஸ்காட்டில் போருக்கு முன் செய்தவை கண்ணாடி மாதிரி மினுங்கும். போர் வந்ததும் பாலிஷுக்குச் செலவழிக்க நேரம் ஏது? ஆனாலும் கம்பெனிப் பெயர் கெடக்கூடாதே! 'வார் ஃபினிஷ்', அதாவது போர்க்கால மேற்பூச்சு வேலை என்று ஃபிரேமிலேயே முத்திரை குத்திவிட்டார்கள். கொஞ்சம் ரோஷக்காரர்கள்தான். உண்மையில் குறை வெளித்தோலோடு சரி. பேரலும் ஃபிரேமும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மயிரிழை இடைவெளி இல்லை.

என்னுடையது சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டது. அதற்கான, துப்பாக்கிகளைச் சோதிக்கும் பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸின் சான்றிதழும் உண்டு. இப்போதைய பிரிட்டிஷ் விதிப்படி சிலிண்டரை வெல்டிங் செய்துவிடுவதால் சுழலாது. அது தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் விற்றவர் வெல்டிங் தடத்தை மறைக்கப் பளபளக்கும் கறுப்புப் பெயிண்டை அப்பியிருக்கிறார். மங்கலான பழைய ப்ளூயிங் நடுவே அது மட்டும் கண்ணை உறுத்துகிறது. இந்த விலைக்கு இது அநியாயம்.

வெப்லி மாதிரியே .38 காலிபர் (குழல் அளவு) ரகத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் என்ஃபீல்டு நம்பர் 2 இன்னொன்று. 1932-இல் ஏற்கப்பட்டது. போர் டாங்கிக்குள் மாட்டிக்கொள்கிறது என்று 1938-இல் சுத்தியல் கொம்பையே (கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுக்கும் நீட்டல்) எடுத்துவிட்டார்கள். ஆனால் போருக்குப் பின் பழுதுபார்த்த பலவற்றின் மேல் சன்கோரைட் என்ற கறுப்புப் பெயிண்ட் கனமாக ஏறியிருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி ரிவால்வர், சாம்பல் நிற பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சில் ஒரே சீராக இருக்கும். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை.

வெப்லி வாங்குகிறவர்கள் முதலில் அந்த 'வார் ஃபினிஷ்' முத்திரையைப் பாருங்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்து சுற்றிலும் வழுவழுவென்று இருந்தால், யாரோ பின்னாளில் தேய்த்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். 'வார் ஃபினிஷ்' என்று குத்திய துப்பாக்கி மினுங்கினால் அதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். ஸ்டீல் வுல் (தேய்க்கும் எஃகு நார்) பக்கமே போக வேண்டாம்.