கரோ-கான் பொறிகளைப் படிக்க லிசெஸ் ஓப்பனிங் எக்ஸ்புளோரர்: ஒரு மதிப்பீடு

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களோடு ஆடுபவர் கையாளும் தொடக்க ஆட்டமான கரோ-கான் தடுப்பாட்டத்துக்கு உறுதியானது, ஆபத்துக் குறைந்தது என்ற பெயர் உண்டு. ஹொரேஷியோ காரோவும் மார்கஸ் கானும் 1886இல் ஆராய்ந்து எழுதியதால் இருவர் பெயரையும் சேர்த்து வழங்கும் இந்த ஆட்டத்தில், வெள்ளை சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்த, கறுப்பு சி6 என்று பதில் சொல்லி (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்; காயின் பெயர் சொல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்), அடுத்த நகர்த்தலில் டி5 ஆடி மையத்தில் மோதுகிறது. உறுதியான ஆட்டம் என்ற அந்தப் பெயரை நம்பி முதல் எட்டு, பத்து நகர்த்தல்களை யோசிக்காமல் வேகமாக ஆடுவதால்தான் இதில் பொறிகள், அதாவது எதிராளியின் தவற்றை எதிர்பார்த்து வைக்கும் கண்ணிகள், பலிக்கின்றன. பொறிகளைக் காட்டும் காணொளிகளும் கட்டணப் பாடங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கடைசிச் செக்மேட்டை மட்டும் காட்டி முடித்துக்கொள்கின்றன. நம் தரத்தில் உள்ளவர்கள் அந்தத் தவற்றை உண்மையில் எவ்வளவு அடிக்கடி செய்கிறார்கள், செய்யாமல் தப்பித்துவிட்டால் நமக்குக் கிடைக்கும் நிலை எப்படிப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட எனக்குத் தெரிந்த சிறந்த கருவி, லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் தொடக்க நகர்த்தல்களை ஆராய உதவும் ஓப்பனிங் எக்ஸ்புளோரர்தான். அதை இந்த ஒரு பயன்பாட்டை வைத்து மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

பிரெஞ்சு நிரலாளர் திபோ டூப்ளெசி 2010இல் தொடங்கிய லிசெஸ், லாப நோக்கமில்லாத தளம். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நன்கொடை தருபவருக்குப் பெயருக்கு அருகில் ஒரு சிறகுச் சின்னம் கிடைக்குமே தவிர, தராதவருக்கு எந்த வசதியும் மறுக்கப்படுவதில்லை.

பகுப்பாய்வுப் பலகையைத் திறந்து புத்தகச் சின்னத்தைத் தொட்டால் எக்ஸ்புளோரர் விரிகிறது. பலகையில் இருக்கும் நிலையில் இதுவரை ஆடப்பட்ட நகர்த்தல்கள், ஒவ்வொன்றும் எத்தனை ஆட்டங்களில் வந்தது, வெள்ளை வென்றவை, டிரா ஆனவை, கறுப்பு வென்றவை என்ற விகிதம் ஆகியவை வரிசையாகத் தெரியும். இதில் மூன்று பிரிவுகள் உள்ளன. ஒன்று, மாஸ்டர்கள் பிரிவு: உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 2200க்கு மேற்பட்டவர்கள் 1952 முதல் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் தொகுப்பு. மற்றொன்று, லிசெஸ் தளத்திலேயே ரேட்டிங்குக்காக ஆடப்பட்ட ஆட்டங்களின் மாபெரும் தொகுப்பு. மூன்றாவது, குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரின் ஆட்டங்கள் மட்டும். பொறிகளைப் படிப்பவருக்கு இரண்டாவது பிரிவுதான் உயிர்நாடி. ஏனென்றால் அதை ரேட்டிங் வாரியாகவும், பிளிட்ஸ் (மிக வேகமானது), ரேபிட் (நடுத்தரமானது), கிளாசிக்கல் (நிதானமானது) என நேர அளவு வாரியாகவும் வடிகட்ட முடிகிறது.

எல்லோரும் முதலில் கற்கும் பொறியை எடுத்துக்கொள்வோம். 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3. இப்போது கறுப்பு இ4 சிப்பாயை வெட்ட, வெள்ளைக் குதிரை அதைத் திரும்ப வெட்டுகிறது. கறுப்பு நான்காவதாகக் குதிரையை டி7க்குக் கொண்டுவர, வெள்ளை 5. ராணி இ2 என்று ஆடுகிறது. கறுப்பு பழக்கத்தின் பேரில் இன்னொரு குதிரையை ஜி8இலிருந்து எஃப்6க்கு வைத்தால், 6. குதிரை டி6 செக்மேட். இ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. இ2 ராணிக்கும் இ8 ராஜாவுக்கும் நடுவில் அது கட்டுண்டு கிடக்கிறது. ராஜா நகர வேண்டிய கட்டங்களையெல்லாம் அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. 1935இல் பால்மா டி மயோர்காவில் கூடி ஆலோசித்து ஆடிய நான்கு பேரை, உலகச் சாம்பியன் பட்டம் வென்றவரான அலெகின் இப்படித்தான் முடித்தார். இதே செக்மேட் சற்று வேறான நகர்த்தல் வரிசையில் 1950இல் கெரெஸ், அர்லமோவ்ஸ்கி ஆட்டத்திலும் வந்தது.

இந்த நிலையை எக்ஸ்புளோரரில் வைத்து, ரேட்டிங்கை உங்கள் தரத்துக்குக் குறுக்கி, ஐந்தாவது நகர்த்தலில் கறுப்பின் பதில்களைப் பாருங்கள். பிறகு அடுத்தடுத்த உயர் தரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். தவறான குதிரை எத்தனை ஆட்டங்களில் எஃப்6க்கு வந்தது என்பதைக் கண்ணெதிரே காணலாம். அதைவிட முக்கியமானது, சரியான பதிலுக்குப் பின் என்ன நடக்கிறது என்பது. டி7 குதிரையையே எஃப்6க்கு நகர்த்தினால் டி7 காலியாகி, டி6க்கு வரும் குதிரையைக் கறுப்பு ராணியே வெட்டிவிடும். அப்போது இ2இல் நிற்கும் வெள்ளை ராணி தன் எஃப்1 பிஷப்பின் வழியைத் தானே மறித்துக்கொண்டு நிற்கிறது. அதை மறுபடி நகர்த்தியாக வேண்டும். கூடவே நகர்த்தல்களை மதிப்பிடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற கணினி நிரலையும் ஓடவிட்டால், இந்தப் பொறிக்காக வெள்ளை என்ன விலை கொடுத்தது என்பது உடனே தெரிகிறது. ஓர் ஆசிரியர் அருகில் இருந்து சொல்ல வேண்டிய பாடம் இது. இந்தக் கருவி அதை இலவசமாகத் தருகிறது.

இதற்கு நேர்மாறானது, அதே ஐந்தாவது நகர்த்தலில் வரும் குதிரை ஜி5. கறுப்பு ஜி8 குதிரையை எஃப்6க்கு வைக்க, பிஷப் டி3, இ6, மற்றக் குதிரை எஃப்3 என ஆட்டம் போகிறது. இங்கே கறுப்பு பிஷப்பை டி6க்குக் கொண்டுவந்தால் சிக்கலில்லை. அதற்குப் பதிலாக எச்6 என்று ஜி5 குதிரையை விரட்டப் பார்த்தால், குதிரை இ6இல் பாய்ந்து தன்னைப் பலி கொடுத்துக் கறுப்பு ராஜாவை மையத்திலேயே மாட்டவைக்கிறது. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கணினிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டது இந்த வழியில்தான். குதிரை ஜி5 என்பது பொறி பலிக்காவிட்டாலும் நல்ல நகர்த்தலாகவே நிற்பதால், மாஸ்டர்கள் பிரிவிலும் அது ஏராளமாக ஆடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இரு பிரிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்தப் பொறியை ஆயுதமாக வைத்துக்கொள்வது, எதை அறிந்து தவிர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது என்பதை அவரவரே தீர்மானிக்கலாம்.

எக்ஸ்புளோரரின் இன்னொரு பலம், அது நகர்த்தல் வரிசையைக் கொண்டு அல்லாமல் நிலையைக் கொண்டு எண்ணுவது. கரோ-கானில் ஒரே ஒரு காயின் இடம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். வெள்ளையின் டி4 சிப்பாய் பலகையில் இருக்கும் கிளாசிக்கல் என்ற வழியில் (இது நேர அளவின் பெயர் அல்ல), நான்காவதாகக் கறுப்பு பிஷப்பை எஃப்5க்குக் கொண்டுவருவது மிகவும் மதிப்புப் பெற்ற நகர்த்தல். வெள்ளை டி4 ஆடாமல் இரண்டு குதிரைகளையும் முதலில் வெளியே கொண்டுவந்திருந்தால் அதே பிஷப் நகர்த்தல் பெரும் தொல்லை. 5. குதிரை ஜி3 பிஷப் ஜி6 6. எச்4 எச்6 7. குதிரை இ5 பிஷப் எச்7 8. ராணி எச்5 ஜி6 9. பிஷப் சி4 என்று வரும்போது கறுப்பு, வெள்ளையின் ராணியை வெட்டினால் எஃப்7இல் பிஷப்பால் செக்மேட். 1938இல் பிளிமத்தில் அலெகினை எதிர்த்த புரூஸ் அதைத் தவிர்த்து இ6 ஆடினார். அலெகின் ராணியை இ2க்குத் திருப்பினார். இயல்பாகத் தோன்றும் குதிரை எஃப்6 நகர்த்தலைப் புரூஸ் ஆடியதும், அலெகினின் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டி உள்ளே நுழைந்தது. இந்த இரு நிலைகளையும் அடுத்தடுத்து வைத்து மாஸ்டர்கள் பிரிவின் எண்களை ஒப்பிட்டவர் இந்த வேறுபாட்டை மறக்க மாட்டார்.

அட்வான்ஸ் வழியில் 3. இ5 பிஷப் எஃப்5 4. எச்4 என்பதும் இப்படிப் பார்க்கத் தகுந்தது. 1961 உலகப் பட்டப் போட்டியில் போத்வினிக்கை எதிர்த்து தால் ஆடிய நகர்த்தல் அது. கறுப்பு யோசிக்காமல் இ6 ஆடினால் ஜி4, எஃப்3, எச்5 என்று சிப்பாய்களே பிஷப்பைத் துரத்திப் பிடித்துவிடும். எச்5 அல்லது எச்6 ஆடியவருக்கு அந்த ஆபத்தில்லை. கறுப்பு விரிக்கும் பொறியும் உண்டு: 3. எஃப்3 என்ற ஃபேன்டசி வழியில் இ4இல் சிப்பாய்கள் மாறிய பின் கறுப்பு இ5 ஆட, வெள்ளை அதை டி4 சிப்பாயால் வெட்டினால் ராணி எச்4 செக். ஜி3 என்று மறைத்தால் ராணி இ4 சிப்பாயைச் செக்கோடு வெட்டி, அடுத்து எச்1 யானையையும் எடுத்துக்கொள்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெற்றி விகிதப் பட்டைதான் முதலில் கண்ணில் படுகிறது; ஆனால் அது ஆட்டத்தின் முடிவைச் சொல்கிறதே தவிர, அந்த நகர்த்தலின் தகுதியைச் சொல்வதில்லை. குறைந்த ரேட்டிங் பிரிவில் ஒரு மோசமான நகர்த்தல் அழகான விகிதத்தோடு நிற்கலாம். இருபது நகர்த்தல்களுக்குப் பின் யாரோ ராணியை இழந்ததன் விளைவாகவும் அது இருக்கலாம். ஆட்ட எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள வரிகளில் விகிதத்தைப் பார்க்கவே கூடாது. வேக ஆட்டங்களையும் சேர்த்து எண்ணினால் படம் மேலும் கலங்கும் என்பதால், அமைப்புகளில் ரேபிட், கிளாசிக்கல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. மாஸ்டர்கள் தொகுப்பு 1952இல் தொடங்குவதால், மேலே சொன்ன அலெகின், கெரெஸ் ஆட்டங்களையும், 1910இல் வியன்னாவில் ரெட்டி தன் ராணியைப் பலி கொடுத்து டார்டகோவரை 11 நகர்த்தல்களில் செக்மேட் செய்த புகழ்பெற்ற கரோ-கான் ஆட்டத்தையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. பொறிகளின் வரலாற்றை நேசிப்பவருக்கு இது உண்மையான இழப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எக்ஸ்புளோரர் ஏன் என்று ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. இப்போதுதான் விதிகளைக் கற்ற குழந்தையிடம் இதைத் தனியாகக் கொடுத்தால் எண்களை மனப்பாடம் செய்வது மட்டுமே மிஞ்சும்.

இந்தக் கடைசிக் குறையை அதே தளத்தின் ஸ்டடி வசதி பெருமளவு ஈடுசெய்கிறது. ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை வைக்கலாம்; ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தமிழிலேயே விளக்கம் எழுதலாம்; மாணவரே சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கும்படி பாடமாகவும் அமைக்கலாம். பயிற்சியாளர்கள் பொறிக்கு ஓர் அத்தியாயம், அதிலிருந்து தப்பிய பின் வரும் நிலைக்கு ஓர் அத்தியாயம் என்று இணையாக அமைத்துக் கொடுத்தால், எக்ஸ்புளோரரின் எண்களுக்குப் பொருள் கிடைக்கும். ஓப்பனிங் வாரியாகப் பிரித்த புதிர்களில் கரோ-கானுக்கெனத் தனிப் பகுதியும் இருக்கிறது. அந்தப் புதிர்கள் உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், பொறிகளைப் படித்து முடித்த கையோடு அங்கே செல்வதைப் பரிந்துரைக்கிறேன். 1200 முதல் 1800 வரை ரேட்டிங் உள்ளவர்கள் கரோ-கான் பொறிகளுக்காகக் கட்டணப் பாடம் எதையும் வாங்கும் முன், ரேபிட் வடிகட்டியோடு இந்த எக்ஸ்புளோரரில் ஒரு வாரம் செலவிட்டுப் பார்க்க வேண்டும்.