கட்டளை வரியில் இறுவட்டு எழுதும் கருவி: ஒரு மதிப்பீடு

கொழும்பு வெள்ளவத்தையில் திருமணப் படங்களையும் கோயில் திருவிழா ஒளிப்பதிவுகளையும் இறுவட்டில் காத்துவரும் வீடுகள் இன்னும் உள்ளன. அவ்வாறான சேகரிப்பொன்றைப் பராமரிக்கும் எனக்கு, லினக்ஸின் வரைகலை மென்பொருள்கள் எதனையும்விட, கட்டளைகளைத் தட்டெழுதி இயக்கும் குரோஐஎஸ்ஓஎஃப்எஸ் (growisofs) என்ற, டிவிடி இறுவட்டுகளை எழுதும் சிறு கருவியே நம்பிக்கை தருகிறது.

புதிய வட்டில் எழுதப் பெரிய இசட் (-Z) தெரிவும், எழுதிய வட்டில் மேலும் சேர்க்கப் பெரிய எம் (-M) தெரிவும் போதும். ஆனால் எம் கொடுக்க வேண்டிய இடத்தில் இசட் கொடுத்தால், மீளெழுதக்கூடிய வட்டிலுள்ள பழைய கோப்புகள் போய்விடும். தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு நீண்ட பெயர்களை அப்படியே காக்கும் ரொக் ரிட்ஜ் நீட்சியை இயக்கும் ஆர் (-R) தெரிவு இன்றியமையாதது. அது விடுபட்டால் 'நல்லூர்த் தேர்' என்ற பெயர் வெறும் அடிக்கோடுகளாகிவிடும். வட்டை விண்டோஸிலும் திறப்பவர்கள் விண்டோஸுக்கான ஜோலியட் பெயர்முறையை இயக்கும் பெரிய ஜே (-J) தெரிவையும் சேர்க்க வேண்டும்.

டிவிடியின் நான்கு மடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 5.5 மெகாபைட் வீதத்தில், 4.7 கிகாபைட் வட்டு கால் மணி நேரத்துக்குள் நிறைந்துவிடுகிறது. கொழும்பின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் வட்டுகள் பழுதடையக்கூடும் என்பதால், கோப்புகளை முதலில் ஒரே படிமக் கோப்பாக (ISO) ஆக்கி அதிலிருந்து வட்டை எழுதியிருந்தால், எழுதியதைத் தரவைப் படியெடுக்கும் டிடி (dd) கட்டளையால் திரும்ப வாசித்து, அதன் ஷா256 (SHA-256) சரிபார்ப்புத் தொகையை மூலப் படிமத்தின் தொகையுடன் ஒப்பிடுவதை வலியுறுத்துவேன். வட்டின் இறுதியில் நிரப்புத் தரவு சேரக்கூடுமாகையால், 2048 பைட் துண்டுகளாக, படிமத்தின் அளவுக்கு மட்டுமே வாசித்தல் வேண்டும்.

2008இல் வெளிவந்த 7.1 பதிப்போடு இதன் வளர்ச்சி நின்றுபோனது வருத்தமே. புதிதாகத் தொடங்குவோருக்கு, எழுதவும் சரிபார்க்கவும் ஒருங்கே வல்ல சோரிசோ (xorriso) என்ற கட்டளை வரிக் கருவியையே பரிந்துரைக்கிறேன்.