டிஸ்க் முறையா, தானியங்கிக் கருவியா? எதிர்ப்புத்திறன் பரிசோதனை குறித்து ஓர் ஒப்பீடு

நோயாளியிடமிருந்து எடுத்த கிருமி எந்த ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படும், எதை எதிர்த்து நிற்கும் என்று பார்ப்பதே எதிர்ப்புத்திறன் பரிசோதனை. இதற்காக நடுத்தர மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குத் தானியங்கிக் கருவி வாங்குவதா, 1966 முதல் கிர்பி-பாவர் என்ற பெயரில் வழங்கிவரும் டிஸ்க் டிஃப்யூஷன் முறையையே தொடர்வதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டிஸ்க் முறையில், கிருமியைப் பூசிய அகார் (கிருமி வளரும் கூழ்) தட்டில் மருந்து தோய்ந்த சிறு வட்டத் தாள்களை வைத்து, அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் அகலத்தை அளப்போம். நான் டிஸ்க் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வேகத்தில் போட்டியே இல்லை. வைடெக் 2 போன்ற கருவி பெரும்பாலும் அன்றே முடிவைத் தந்துவிடும். அகார் தட்டு 16 முதல் 18 மணி நேரம் இன்குபேட்டரில் இருந்தாக வேண்டும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவான எம்ஐசி மதிப்பையும் கருவி தரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வான்கோமைசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்க அந்த மதிப்பு கட்டாயம் வேண்டும். டிஸ்க் அங்கே உதவாது.

என் முடிவைத் தீர்மானித்தது அன்றாடம் செலவாகும் பொருள்கள்தான். கருவிக்குள் செருகும், மருந்து நிரப்பிய சிறு குழிகள் கொண்ட கார்டில் மருந்துகளின் பட்டியல் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத ஒரு மருந்தை மருத்துவர் கேட்டால் வேறு வழி தேட வேண்டும். ஒரே ஒரு மருந்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானாலும் முழுக் கார்டு போய்விடும். மாதிரிகள் குறைவாக வரும் ஆய்வகத்தில் கார்டுகள் குளிர்பதனப் பெட்டியிலேயே காலாவதியாகும் அபாயமும் உண்டு. டிஸ்க்குகளையோ, சிறுநீர்க் கல்ச்சருக்கு ஒரு தொகுதி, சீழுக்கு வேறொரு தொகுதி என்று நாமே தேர்ந்து வைக்கலாம்.

இதனால் டிஸ்க் முறைக்குப் பராமரிப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பராமரிப்பு என்பது கைப்பக்குவம். முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. கனத்தில் இருக்க வேண்டும். மெலிந்துவிட்டால் வளையம் பெரிதாகி, எதிர்ப்புள்ள கிருமியும் மருந்துக்குக் கட்டுப்படுவதாகத் தோன்றும். கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டு என்ற தர அளவுக்கு இணையாக இருக்க வேண்டும், அதை 15 நிமிடத்துக்குள் தட்டில் பூசிவிட வேண்டும். டிஸ்க் குப்பியைக் குளிர் தணியுமுன் திறந்தால் ஈரம் படிந்து மருந்தின் வீரியம் குறையும். இவை எல்லாம் சரியாக இருந்தால், ஈ.கோலை ஏடிசிசி 25922 என்ற தரக்கட்டுப்பாட்டுக் கிருமிக்கு 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மி.மீ.க்குள் வந்து நிற்கும்.

தட்டைக் கண்ணால் பார்ப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. வளையத்துக்குள் முளைத்த ஓரிரு காலனிகளும், இரண்டு கிருமிகள் கலந்துவிட்ட வளர்ச்சியும் உடனே தெரியும். கார்டின் குழிக்குள் இவை தெரிவதில்லை.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் தனிக் கதை. பெரிய மூலக்கூறு என்பதால் அது அகாரில் சரியாகப் பரவாது. வழக்கமான டிஸ்க் முறை பயன்படாது, தானியங்கிக் கருவியின் முடிவையும் அப்படியே நம்ப முடியாது. இதற்கு, ஆய்வகப் பரிசோதனைகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் சிஎல்எஸ்ஐ அமைப்பு ஏற்றுள்ள முறைகளில் ஒன்று அதே டிஸ்க்கையே வேறு விதமாகப் பயன்படுத்துகிறது: தலா 10 மி.லி. பிராத் (கிருமி வளர்க்கும் திரவம்) கொண்ட நான்கு குழாய்களில் முறையே 0, 1, 2, 4 என்று 10 மைக்ரோகிராம் கொலிஸ்டின் டிஸ்க்குகளை ஊறவைத்தால், மி.லி.க்கு அத்தனை மைக்ரோகிராம் செறிவு கிடைத்துவிடும். அசினெட்டோபாக்டர் என்ற கிருமிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பிசிஆர் முறையில் எனக்கு அனுபவம் குறைவு. என்டிஎம், கேபிசி, ஆக்சா-48 போன்ற, மருந்து எதிர்ப்பைத் தரும் மரபணுக்களைச் சில மணி நேரத்துக்குள் காட்டிவிடும் என்றாலும், தேடாத மரபணுவையும், கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள துளைகள் குறைவதால் வரும் எதிர்ப்பையும் அது காட்டாது. எனவே நெகட்டிவ் முடிவை வைத்து மட்டும் மருந்து எழுத முடியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நாள்தோறும் ரத்தக் கல்ச்சர்கள் குவியும், ஆனால் தட்டு வாசிக்கப் பழகிய கைகள் குறைவாக உள்ள மருத்துவமனைக்கு நான் தானியங்கிக் கருவியையே பரிந்துரைப்பேன்; அங்கும் ஒரு டிஸ்க் தொகுதி கைவசம் இருக்கட்டும்.