சரியாக இறங்கிப் போனவர் யார்?

2025 டிசம்பர் 13, வாஷிங்டனின் கேப்பிட்டல் ஒன் அரங்கம். டபிள்யூடபிள்யூஈ என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் பெரிய நட்சத்திரம் ஜான் சீனாவின் கழுத்தைச் சுற்றி எதிராளி குந்தரின் கை இறுகிக் கிடந்தது. சீனா திமிறி வெளியே வந்தார், மறுபடி மாட்டினார், மறுபடி வந்தார், மறுபடி மாட்டினார். கடைசியில் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அப்புறம் சரணடைந்ததற்கு அடையாளமாகக் கையைத் தட்டிவிட்டார். டவலிலும் சட்டையிலும் 'நெவர் கிவ் அப்' என்று எழுதிக்கொண்டு இத்தனை வருடம் வளைய வந்த மனிதர், தன் கடைசிப் போட்டியில் விட்டுக்கொடுத்துவிட்டார். அரங்கம் கொதித்துப்போனது. போட்டி முடிந்து, கதைகளைத் தீர்மானிக்கும் பொறுப்பில் இருந்த முன்னாள் வீரர் ட்ரிபிள் எச் வெளியே வந்தபோது கிடைத்த வசவு, எந்த வில்லனுக்கும் கிடைக்காதது.

முடிவைத்தான் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறார்களே, அதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எழுதிவைப்பதால்தான் கோபம். பிராட்மன் 1948இல் ஓவல் மைதானத்தில் தன் கடைசி இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு அவுட் ஆனார். அதைத் தலைவிதி என்று சொல்லி ஆறிப்போகலாம். ரெஸ்லிங்கில் தலைவிதியை ஒரு அறையில் உட்கார்ந்து நாலு பேர் எழுதுகிறார்கள். யாரிடம் தோற்பது, எந்த ஊரில், எந்த அரங்கில், எல்லாமே தேர்வுதான். அதனால் இவர்களுடைய கடைசிப் போட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. சீனாவுக்கு நடந்தது சரியா என்பதற்கும் அங்கேதான் பதில் கிடைக்கும்.

இந்தத் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. போகிறவர் தோற்றுவிட்டுப் போக வேண்டும். இருபது முப்பது வருடம் சேர்த்த பெயரை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போ என்பதுதான் கணக்கு.

ரிக் ஃபிளேர் அப்படித்தான் போனார். 2008 மார்ச் 30, ஒர்லாண்டோவின் சிட்ரஸ் பௌல் மைதானம், டபிள்யூடபிள்யூஈயின் வருடாந்தரப் பெருவிழாவான ரெஸ்ல்மேனியா 24. நிறுவனம் அறிவித்த கணக்குப்படி 74,635 பேர். அதற்கு முந்தின நாள்தான் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருந்தார்கள். இனி ஒரு போட்டியில் தோற்றாலும் ஓய்வு என்று 2007 நவம்பரிலேயே கதையில் அறிவித்தாயிற்று, ஆகவே எதிரே நின்ற ஷான் மைக்கேல்ஸ்தான் வேலையை முடிக்கப்போகிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். 59 வயது ஃபிளேர் தள்ளாடியபடி எழுந்து, முஷ்டியை உயர்த்தி, வா என்கிறார். மைக்கேல்ஸ் மூலையில் நின்று உதட்டசைவில் சொல்கிறார்: மன்னித்துவிடு, உன்னை நேசிக்கிறேன். அடுத்த நொடி சூப்பர்கிக், தாடையில் ஒரு உதை. கல்மனசுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட காட்சி அது.

இரண்டே வருடம் கழித்து, அந்தக் கிக்கை விட்டவரின் முறை வந்தது. 2010 மார்ச் 28, அரிசோனாவின் கிளென்டேல், ரெஸ்ல்மேனியா 26. அண்டர்டேக்கரின் தோல்வியே காணாத ரெஸ்ல்மேனியா கணக்கு ஒரு பக்கம், மைக்கேல்ஸின் தொழில் வாழ்க்கை மறுபக்கம். எதிராளியாக அண்டர்டேக்கர் அமைந்ததில் ஒரு பழைய கணக்கும் இருந்தது. 1998 ஜனவரியில் ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் இதே அண்டர்டேக்கருடன் நடந்த சவப்பெட்டிப் போட்டியில்தான் மைக்கேல்ஸின் முதுகு பெட்டியின் விளிம்பில் மோதிப் போனது. அதே மார்ச்சில் பாஸ்டனில் ஸ்டீவ் ஆஸ்டினிடம் பட்டத்தை இழந்துவிட்டு நாலு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். முதல் முறை தெரியாமல் முடித்துவைத்தவரே இரண்டாம் முறை தெரிந்து முடித்துவைத்தார்.

ஃபிளேரின் முடிவும் இதுவும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். இங்கே தயங்கியவர் அண்டர்டேக்கர். கடைசி அடியைக் கொடுக்க மனம் வராமல் நின்றார். மைக்கேல்ஸ் கெஞ்சவில்லை. அவர் பாணியிலேயே கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டி, கன்னத்தில் ஒரு அறை விட்டார். அவ்வளவுதான், தலைகீழாகத் தூக்கி, எம்பிக் குதித்துத் தலையைத் தரையில் இறக்கும் ஒரு டூம்ஸ்டோன். போட்டி என்ற அளவில் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதை மிஞ்ச ஒன்று இல்லை. ஃபிளேரின் போட்டியில் நாம் அழுதது ஃபிளேருக்காக. இதில் கடைசி வரைக்கும் ஒருவேளை ஜெயித்துவிடுவாரோ என்ற நப்பாசை இருந்தது.

சரி, போனவர்கள் போனார்களா?

மைக்கேல்ஸ் எட்டு வருடம் சொல்லைக் காப்பாற்றினார். 2018 நவம்பர் 2 அன்று ரியாத்தில், மொட்டைத் தலையோடு, ட்ரிபிள் எச்சுடன் சேர்ந்து அண்டர்டேக்கரையும் கேனையும் எதிர்த்து இறங்கினார். போட்டியின் நடுவில் ட்ரிபிள் எச்சுக்கு மார்புத் தசை கிழிந்தது. மைக்கேல்ஸ் மூன்சால்ட் (பின்பக்கமாகக் கரணமடித்துப் பாய்வது) அடித்து வெளியே விழுந்தபோது பிடிக்க வேண்டியவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேசாமல் இருப்பதே மரியாதை.

ஃபிளேர் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 2009இலேயே ஆஸ்திரேலியாவில் ரிங்கில் ஏறிவிட்டார், அப்புறம் டிஎன்ஏ என்ற இன்னொரு ரெஸ்லிங் நிறுவனம். 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில்லில், 73 வயதில், 'ரிக் ஃபிளேரின் கடைசிப் போட்டி' என்றே பெயர் வைத்து ஒரு நிகழ்ச்சி. போட்டிக்கு நடுவே இருமுறை மயங்கிவிட்டதாக அவரே பிறகு சொன்னார். மங்களம் பாடி முடித்து, சபை எழுந்து செருப்பைத் தேடும்போது மறுபடி தம்புராவை மீட்டினால் எப்படி இருக்கும்? 2008ஐ இப்போது பார்த்தாலும் கண் கலங்குகிறது. ஆனால் கூடவே ஒரு ஏமாந்த உணர்வு.

அண்டர்டேக்கர் விஷயத்தில் எதைக் கடைசி என்று கொள்வது என்பதே சிக்கல். ட்ரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த நம்மூர்ப் பையன்களுக்கு அவருக்கு ஏழு உயிர் என்பது ஐயமே இல்லாத சேதி. ஓய்வு விஷயத்தில் அது கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. 2017 ஏப்ரல் 2 அன்று ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறையையும் கோட்டையும் தொப்பியையும் ரிங் நடுவில் மடித்துவைத்துவிட்டுப் போனார். நடந்த இடம் ஒர்லாண்டோவின் கேம்பிங் வேர்ல்ட் மைதானம். பெயர்தான் புதிது, ஃபிளேர் விழுந்த அதே சிட்ரஸ் பௌல்தான். இடமும் படமும் அவ்வளவு கச்சிதம். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வருடமே நியூ ஆர்லியன்ஸில் சீனாவை மூன்று நிமிடத்துக்குள் முடித்தார். 2019இல் ஜெட்டாவில் கோல்ட்பெர்க்குடன் ஒரு போட்டி, இருவருமே கழுத்தை முறித்துக்கொள்ளாமல் வந்தது புண்ணியம்.

உண்மையான கடைசி 2020 ஏப்ரலில் ஒளிபரப்பான போன்யார்டு போட்டி. கொரோனாவால் ரெஸ்ல்மேனியா நடக்கவேண்டிய டாம்பா மைதானம் மூடிக்கிடக்க, இடுகாடு போல ஒரு செட் போட்டு, இரவில், ஆளே இல்லாமல் படம்பிடித்தார்கள். ஏ.ஜே. ஸ்டைல்ஸைக் குழியில் தள்ளி மண்ணை மூடிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மேலே சொன்ன வழக்கத்துக்கு நேர் எதிர், ஜெயித்துவிட்டுப் போகிறார். தேய்ந்துபோன உடம்பைக் கேமராவும் எடிட்டிங்கும் மறைத்துக்கொடுத்தன என்பதும் உண்மை. அவர் உயிர் கொடுத்த அந்தப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது என்பதும் உண்மை. ஒரே குறை, ஆர்ப்பரிக்க ஒரு ஜீவன் இல்லை. 2020 நவம்பர் 22 அன்று, அவர் அறிமுகமான நாளிலிருந்து சரியாக முப்பது வருடம் கழித்து, அதிகாரபூர்வமாக விடைகொடுத்தபோதும் சுற்றிலும் இருந்தது எல்.ஈ.டி. திரைகளில் தெரிந்த முகங்கள்தான்.

ஜப்பானில் கெய்ஜி முட்டோ செய்தது வேறு ரகம். 2023 பிப்ரவரி 21, டோக்கியோ டோம். அறுபது வயது. மூன்சால்ட் அடித்து அடித்தே தேய்ந்த முழங்கால்களில் செயற்கை மூட்டு. இளையவரான தெட்சுயா நைட்டோவிடம், தோள் தரையில் அழுந்த நடுவர் மூன்று எண்ணி முடிக்க, தோற்றார், வழக்கப்படி பெயரையும் கொடுத்தாயிற்று. அதோடு இறங்கியிருக்கலாம். மைக்கை வாங்கினார். வர்ணனையாளர் மேசையில் உட்கார்ந்திருந்த மசாஹிரோ சோனோவை ரிங்குக்குள் கூப்பிட்டார். 1984 அக்டோபரில் முட்டோ முதல்முறை ரிங்கில் ஏறியபோது எதிரே நின்றவர் இதே சோனோ. அதுதான் இருவருக்குமே அறிமுகப் போட்டி. அவரும் ஓய்ந்து வருடக்கணக்காகிறது, நடையே சிரமம். ஏறினார். மணி அடித்தார்கள். கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, சோனோ போட்ட எஸ்டிஎஃப் பிடியில் முட்டோ கையைத் தட்டிச் சரணடைந்தார். ஒரே இரவில் இரண்டு தோல்வி. முதலாவது அடுத்த தலைமுறைக்கு. இரண்டாவது சிநேகிதனுக்கு. இதைப் பார்த்துவிட்டு அன்று இரவு என்னால் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு யோகோஹாமாவில் முட்டோ தன்னுடைய கிரேட் முட்டா வேஷத்தைக் கடைசியாகக் கலைத்தபோது அணியில் கூட நின்றவர் அமெரிக்க வீரர் ஸ்டிங். அங்கேயே பாடம் எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

ஸ்டிங்குக்கும் ஏற்கெனவே ஒரு மோசமான முடிவு இருந்தது. 2015 செப்டம்பரில் ஹூஸ்டனில் செத் ரோலின்ஸுடன் மோதியபோது கழுத்தில் அடி. மறு வருடம் ஓய்வு அறிவிப்பு. டபிள்யூடபிள்யூஈயில் மொத்தமே ஒரு சில போட்டிகள், ரெஸ்ல்மேனியாவில் ஆடிய ஒரே போட்டியிலும் தோல்வி. அப்படியே போயிருந்தால் 'பாவம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்திருப்போம். ஃபிளேர் திரும்பி வந்தது தப்பு என்றால் ஸ்டிங் திரும்பி வந்ததும் தப்புதானே என்று வாதிடலாம். ஃபிளேருக்கு நல்ல முடிவு கையில் இருந்தது, அதைக் கலைத்தார். ஸ்டிங்குக்குக் கலைக்க எதுவும் இல்லை.

2020 டிசம்பரில் டபிள்யூடபிள்யூஈயின் போட்டி நிறுவனமான ஏஈடபிள்யூவுக்கு வந்தார். தனியாக நின்று பட்டத்துக்கு அலையவில்லை. டார்பி ஆலின் என்ற, உயரத்திலிருந்து குதிப்பதற்கென்றே பிறந்த இளைஞனோடு ஜோடி சேர்ந்தார். மூன்று வருடத்துக்கு மேல் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. 2024 மார்ச் 3 அன்று கடைசிப் போட்டி என்று குறித்தார்கள். ஊர், வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ.

ஏன் கிரீன்ஸ்போரோ? ரெஸ்லிங் நிகழ்ச்சிகளை நடத்திவந்த ஜிம் கிராக்கெட் குடும்பத்தின் கோட்டை அந்த ஊர். 1983இல் அவர்களுடைய பெருவிழாவான ஸ்டார்கேட் முதல்முறை நடந்ததும், அதில் கூண்டுக்குள் சாம்பியன் ஹார்லி ரேஸை ஃபிளேர் வீழ்த்தியதும் கிரீன்ஸ்போரோ கொலிசியத்தில்தான். 1988 மார்ச் 27 அன்று, ரெஸ்ல்மேனியா 4 நடந்த அதே நாளில், அதற்குப் போட்டியாக இலவசத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். அதில் சாம்பியன் ஃபிளேரோடு 45 நிமிடம் சமமாக நின்றார், அதுவரை பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாத ஸ்டிங். டிராவில் முடிந்தது. அன்று இரவு அதே கட்டடத்தில்தான் அவர் நட்சத்திரம் ஆனார். 2001 மார்ச்சில் கிராக்கெட்டின் நிறுவனத்திலிருந்து வளர்ந்த டபிள்யூசிடபிள்யூவை இழுத்து மூடியபோது, அதன் வாராந்தர நிகழ்ச்சியான நைட்ரோவின் கடைசி இரவில் கடைசிப் போட்டியும் ஸ்டிங்–ஃபிளேர்தான். ஆகவே 36 வருடம் கழித்து அதே கொலிசியத்துக்குத் திரும்பியது சும்மா ஒரு தேதி, ஒரு ஹால் பார்த்து முடிவானது அல்ல.

யங் பக்ஸ் சகோதரர்கள் எதிரணி. ஆலின் ஏணி உச்சியிலிருந்து கண்ணாடிப் பலகை மேல் குதித்தார், எதிரி நகர்ந்துவிட்டார். முதுகு முழுக்க ரத்தம். ஸ்டிங்கின் இரு மகன்களும் அப்பாவின் பழைய வேஷங்களைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு கை பார்த்தார்கள். கடைசியில், 65ஐத் தொட இரண்டரை வாரம் இருந்த மனிதர், எதிரியின் காலை மடக்கித் தன் ஸ்கார்ப்பியன் பிடியைப் போட்டார். எதிரி தட்டினான். பட்டத்தோடு, தோல்வியே இல்லாமல் போனார்.

வழக்கப்படி இது தப்பு. சின்னப் பையன்களை வீழ்த்திவிட்டு ஒரு தாத்தா பெல்ட்டோடு வீட்டுக்குப் போவதா? ஆனால் அவர் கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். மூன்று வருடம் ஆலினின் பக்கத்தில் நின்றதுதான் அது. ஒரே இரவில் மூன்று எண்ணிக்கையில் கைமாறும் பெயரைவிட அது கனமானது. அதனால் விடைபெறுதல் என்று பார்த்தால் என் ஓட்டு கிரீன்ஸ்போரோவுக்கு. போட்டி என்று பார்த்தால் கிளென்டேல். மனசு என்று கேட்டால் முட்டோ.

இனி சீனா. அவர் தோற்றது தப்பில்லை, சரணடைந்ததும் தப்பில்லை. அந்தச் சிரிப்பு நல்ல நடிப்பு, இருபது வருடத்துக்கு மேல் தட்டாத கை தட்டுவதற்கு ஒரு விலை உண்டு, அது குந்தருக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வருடம் ஜூலையில் அட்லாண்டாவில் கோல்ட்பெர்க்கின் கடைசிப் போட்டியையும் முடித்துவைத்தவர் குந்தர்தான். குறை வேறு இடத்தில். குந்தரும் சீனாவும் அதற்கு முன் மோதியதே இல்லை, ஒரு தொடர் வைத்து ஜெயித்தவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊரும் அப்படித்தான். சீனாவின் கதையில் வாஷிங்டனுக்கு என்ன வேலை? அந்த வருடம் ஏப்ரலில் லாஸ் வேகாஸில் 17ஆவது முறை உலகப் பட்டம் வென்று ஃபிளேரின் 16ஐத் தாண்டினார், அங்கே நின்றிருக்கலாம். அல்லது நவம்பர் 10, பாஸ்டன். பிறந்து வளர்ந்த மாசசூசெட்ஸ், சொந்த ஜனம், அதுவரை கைக்கு எட்டாமலிருந்த இன்டர்கான்டினென்டல் பட்டத்தை டொமினிக் மிஸ்டீரியோவிடமிருந்து வென்ற இரவு. அரங்கம் டிடி கார்டன், 1998இல் மைக்கேல்ஸ் ஆஸ்டினிடம் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போன அதே கட்டடம். குந்தரிடம் அங்கே தட்டியிருந்தால் யாரும் ட்ரிபிள் எச்சைத் திட்டியிருக்க மாட்டார்கள், அழுதிருப்பார்கள்.

கிரீன்ஸ்போரோவில் அன்று ரிங்கோரம் ஃபிளேரும் நின்றிருந்தார். வயது 75. ஸ்டிங்கைக் காப்பாற்றக் குறுக்கே போனார், முகத்தில் சூப்பர்கிக் விழுந்தது. 2008இல் ஒர்லாண்டோவில் அவரை அனுப்பிவைத்ததும் இதே கிக்தான்.