இறக்கையில் ஐஸ்: றப்பர் உறையா, சூடா, தாமரை இலைப் பூச்சா?

பலாலியில் சென்னைக்குப் போகும் ஏடிஆர் 72 விமானத்தில் ஏறும்போது இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். கறுப்பு றப்பர் உறை ஒன்று நீளமாக ஓடும். யாழ்ப்பாண வெயிலுக்கு அது எதற்கு? எங்கள் வானத்திலும் ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு மேலே பூச்சியத்துக்குக் கீழான குளிர்தான். மாரி முகிலுக்குள் அந்தக் குளிரிலும் உறையாமல் நிற்கும் நீர்த்துளிகள், இறக்கை பட்டதும் ஐஸாகப் பிடித்துக்கொள்ளும்.

றப்பர் உறை காற்றால் ஊதிப் பெருத்து அந்த ஐஸை உடைத்துவிடும். எடை குறைவு, சக்தியும் அதிகம் தேவையில்லை. ஆனால் உறை முடியும் இடத்துக்குப் பின்னால் ஐஸ் பிடித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 1994 ஒக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லோன் அருகே ஏடிஆர் 72 ஒன்று அப்படித்தான் விழுந்தது. 68 பேரும் இறந்தார்கள். அதன் பிறகே உறையை அகலமாக்கினார்கள்.

ஜெட் விமானங்கள் பெரும்பாலும் எஞ்சினின் சூடான காற்றை இறக்கைக்குள் விடும். போயிங் 787 மின்சாரத்தால் சூடாக்கும். நம்பகமான வழி, ஆனால் எரிபொருளைத் தின்னும். ஐஸைக் கரைக்கும் கிளைக்கோல் திரவத்தை இந்த விமானங்களில் தெளிப்பது தரையில் நிற்கும்போதுதான். பலாலிக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் நீர் ஒட்டாப் பூச்சு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆசையும் இதில்தான். தாமரை இலையில் உள்ள நுண்ணிய மேடுகளுக்கிடையே காற்று தங்குவதால் துளி ஒட்டாமல் உருண்டோடுகிறது. அதே அமைப்பைப் பூச்சில் கொண்டுவந்தால் துளி உறையுமுன்பே ஓடிவிடும். ஆனால் அதே இலையைக் கொதிக்கும் கேத்திலின் ஆவிக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள். ஆவி மேடுகளுக்கிடையே புகுந்து நீராகும். துளிகள் உருளாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முகிலின் ஈரமும் பூச்சை அப்படித்தான் கெடுக்கும். அங்கே உறைந்த ஐஸ் மேடுகளைக் கவ்விக்கொள்வதால், வழுவழுப்பான உலோகத்தில் பிடித்ததைவிடக் கழற்றுவது கடினமாகவும் கூடும். மழையும் மணலும் பூச்சியும் மோதித் தேய்வது வேறு.

அதனால் பூச்சைத் தனியாக நம்ப மாட்டேன். சூட்டோடு சேர்த்தால் கதை மாறும். முன்விளிம்பில் ஒடுங்கிய ஒரு கோட்டை மட்டும் சூடாக்கினால் போதும். உருகிய நீர் பின்னால் ஓடி மறுபடி உறையுமுன் பூச்சு அதை உருட்டிவிடும், சூட்டுக்கான சக்தியும் குறையும். றப்பர் உறைக்கு எட்டாத இடம் அந்தப் பின்பகுதிதானே.